டீச்சர் பதில்கள்: ஓடுகிற பெண்ணுக்கு எந்த வகுப்பு?

(பதில் எழுதுபவர்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை, காரைக்குடி)

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் (மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்) ஓட்டத்தில் பதக்கம் வாங்கிய நம் பெண்களைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த இதழுக்குப் போதும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். முழங்கால் வலி, யோகா, தொப்பை எல்லாம் அடுத்த இதழில்.

என் மகளுக்கு 13 வயது. பிறந்ததிலிருந்தே வலது கையும் வலது காலும் விறைப்பு. பெருமூளை வாதம் என்று சொன்னார்கள். நொண்டினாலும் தெருப் பிள்ளைகளுக்குச் சமமாக ஓடுவாள். பிரீத்தி பால் ஓடியதை போனில் பார்த்ததிலிருந்து "நானும் டி35 தானேப்பா" என்று கேட்டபடி இருக்கிறாள். டி35 என்றால் என்ன? இவளால் முடியுமா?
– ஒரு அப்பா, தேவகோட்டை

சார், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவள் அநேகமாக டி35 இல்லை. அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கனவை வேறு நம்பரில் கட்டட்டும்.

ஓடுகிறவர்களைக் குறைபாட்டுக்கு ஏற்றபடி பிரித்து வைத்திருக்கும் வகுப்பின் பெயர்தான் இது. டி என்பது டிராக், அதாவது ஓடுதளம். எறிகிற போட்டிகளுக்கு எஃப். பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கத்தில் முதலாவது எந்த வகைக் குறைபாடு என்று சொல்லும், இரண்டாவது அது எவ்வளவு என்று சொல்லும், எண் சிறிதானால் பாதிப்பு பெரிது. 31 முதல் 38 வரை எல்லாம் பெருமூளை வாதம் மாதிரி தசை விறைப்பு, ஆட்டம், நிதானமின்மை உள்ளவர்களுக்கு. இதில் 34 வரை சக்கர நாற்காலி, 35-லிருந்து சொந்தக் காலில் ஓடுகிறவர்கள். முக்கியமாக இரண்டு காலும் விறைப்பாக இருந்தால் 35, உடம்பு தன்னால் அசைவதும் தள்ளாடுவதும் பெரிதாக இருந்தால் 36, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் என்றால் 37, லேசான பாதிப்பு 38. உங்கள் மகளுடைய கதை 37 பக்கம் போகிறது. ஆனால் இதை நானோ நீங்களோ உங்கள் டாக்டரோ முடிவு செய்ய முடியாது. போட்டி நடக்கும் இடத்தில் அதற்கென்று பயிற்சி பெற்ற குழு இருக்கும், மேஜையில் படுக்க வைத்துத் தசையைப் பார்ப்பார்கள், மடக்கச் சொல்வார்கள், நடக்கவும் ஓடவும் விடுவார்கள், அப்புறம் நிஜப் போட்டியில் ஓடும்போதும் கவனிப்பார்கள். அங்கே வேண்டுமென்றே கூடுதலாக நொண்டிக் காட்டி மாட்டிக்கொண்டால் தடை. ஆகவே "கொஞ்சம் சேர்த்து நொண்டும்மா" என்று புத்தி சொல்ல ஒரு மாமா வருவார், அவரை அன்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பிரீத்தி உத்தரப்பிரதேசத்துப் பெண், சின்ன வயதில் பல வருடம் காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டு நடந்தவர். 17 வயதில்தான் இப்படி ஒரு போட்டி இருப்பதே சமூக வலைதள வீடியோவில் கண்ணில் பட்டது. 2024 ஆகஸ்ட் 30-ல் 100 மீட்டரை 14.21 நொடியில் ஓடி வெண்கலம், செப்டம்பர் 1-ல் 200 மீட்டரில் 30.01 நொடி, இன்னொரு வெண்கலம். அதுவரை பாராலிம்பிக் தடகளத்தில் நமக்குக் கிடைத்தது எல்லாம் எறிந்தோ தாண்டியோ வாங்கியவை, ஓடுதளத்தில் முதல் பதக்கம் இவருடையதுதான். உங்கள் மகளுக்கு 13. பிரீத்தி கேள்விப்பட்ட வயதுக்கு இன்னும் நாலு வருடம் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது: பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள், வலிப்பு வந்திருந்தால் நரம்பு டாக்டரையும் கேளுங்கள். விறைப்புள்ள தசைக்கு உடம்பைச் சூடேற்ற மற்றப் பிள்ளைகளைவிட நேரம் கூடுதலாக வேண்டும். எடுத்த எடுப்பில் வேகமாக ஓட விடக் கூடாது. இந்த வகுப்புகளில் குனிந்து பிளாக்கில் கால் வைத்துத்தான் கிளம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நின்றபடியே கிளம்பலாம். இன்னொன்று, யாரும் சொல்லித்தர மாட்டார்கள்: பெருமூளை வாதம் உள்ள பல பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு மொத்தமும் தூக்கிப்போட்டு விறைத்துவிடும். துப்பாக்கிச் சத்தத்தில் மற்றவர்கள் கிளம்புவார்கள், இந்தப் பிள்ளை அதிர்ந்து நிற்கும். வீட்டில் கைதட்டலில் ஆரம்பியுங்கள், அப்புறம் இரண்டு பலகையை அடியுங்கள், அப்புறம் பொட்டு வெடி. காதுக்குப் பழகினால் காலுக்கும் பழகும்.

100 மீட்டருக்கு 14 நொடி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பையனே ஓடுவான். இதற்கு உலகப் பதக்கமா? கோபிக்காமல் பதில் சொல்லவும்.
– கல்லூரி மாணவர், காரைக்குடி

கோபம் வந்தது. ஒரு டீ குடித்தேன், போய்விட்டது.

நம் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்திருப்பாய் தம்பி. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, தூரத்தையும் மாற்றித்தானே விடுகிறார்கள்? பூஞ்சிட்டில் முதலில் வந்த ஜோடியைப் பார்த்து "பெரிய மாட்டோடு விட்டால் தோற்றிருக்கும்" என்று அங்கே போய்ச் சொல்லிப் பார், வண்டிக்காரர் உன்னைச் சும்மா விடமாட்டார். (பெண்களை மாட்டோடு ஒப்பிடுகிறாளே என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிரிக்கிற முறையைச் சொல்கிறேன்.) டி35-ல் சீனாவின் ஜோ சியா டோக்கியோ பாராலிம்பிக்கில் ஓடியது 13.00. அதே பெண் பாரிசில் 13.58-ல் தங்கம் வாங்கினார். பிரீத்தியின் 14.21-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார், உன் ஊர்ப் பையன் பக்கத்தில் வைக்காதே.

அப்புறம், பாரா ஓட்டம் என்றாலே மெதுவான ஓட்டம் என்று ஒரு நினைப்பு உன் கேள்விக்கு அடியில் இருக்கிறது. கியூபாவின் ஒமாரா டுராண்ட் பிறவியிலேயே கண்புரை உள்ளவர். 2016-ல் ரியோவில் டி12 (பார்வைக் குறைபாட்டு வகுப்பு) 100 மீட்டரை 11.40 நொடியில் ஓடினார். டூட்டி சந்த் 2021-ல் ஓடிய 11.17 பெண்களுக்கான நம் தேசிய சாதனை, அதுவும் கண் நன்றாகத் தெரிகிற பெண்களின் சாதனை. வித்தியாசம் 0.23 நொடி. பிரேசிலின் ஜெருசா ஜெபர் டோஸ் சாண்டோஸ் டி11, அதாவது கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு ஓடுகிற வகுப்பு, பாரிஸ் அரையிறுதியில் 11.80. உன் ஊர்ப் பையனை ஒரு நாள் கண்ணைக் கட்டி 100 மீட்டர் ஓடச் சொல். நேரம் எடுக்க வேண்டாம், நேராக ஓடினால் போதும்.

என் பேத்திக்கு வயசு 15. பார்வை ரொம்பக் கம்மி, கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை. பள்ளிக்கூடத்தில் ஓடவிட்டார்களாம், முதலாவதாக வந்தாளாம். மகன் பயிற்சிக்கு அனுப்பணும் என்கிறான். விழுந்து மூஞ்சியில் தழும்பு ஆனால் நாளைக்கு எவன் கட்டுவான்? நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா.
– ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

ஆச்சி, பார்வை இல்லாத பிள்ளை அதிகம் விழுவது ஓடுதளத்தில் இல்லை, உங்கள் வீட்டில்தான். முகப்பில் உயரமான படி, வளவில் தண்ணீர் பட்ட ஆத்தங்குடிக் கல், நடுவில் யாரோ வைத்துவிட்டுப் போன அண்டா. ஓடுதளம் சமதளம், குறுக்கே யாரும் வர மாட்டார்கள், கூட ஒரு ஆள் ஓடுவார். முழங்கால் சிராய்க்கும், அது எல்லா ஓட்டக்காரிக்கும் உண்டு.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பாரிசில் டி12 200 மீட்டரில் 24.75 நொடி ஓடி வெண்கலம் வாங்கிய சிம்ரன் சர்மாவுக்குப் பயிற்சியாளரே அவருடைய வீட்டுக்காரர்தான். ராணுவத்தில் இருக்கும் கஜேந்திர சிங். பிரீத்திக்கும் அவர்தான் பயிற்சியாளர். இன்னொரு கதை சொல்கிறேன், கேளுங்கள். அதே பாரிசில் கேப் வெர்டி நாட்டுப் பெண் கெயுலா செமேடோ டி11 200 மீட்டர் தகுதிச் சுற்றில் கடைசியாக வந்தார். கூட ஓடிய வழிகாட்டி அந்த ஓடுதளத்திலேயே மண்டியிட்டு மோதிரத்தை நீட்டிவிட்டார், அரங்கமே கைதட்டியது. உங்கள் பேத்தியை அதற்காக அனுப்பச் சொல்லவில்லை. தழும்பைப் பார்த்து மாப்பிள்ளை ஓடிப்போவான் என்று கணக்குப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

மகனிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பார்வைக் குறைபாட்டில் மூன்று வகுப்பு, டி11, டி12, டி13. நன்றாகத் தெரிகிற கண்ணை எடுத்து, கண்ணாடியோ லென்ஸோ போட்ட பிறகு என்ன தெரிகிறது என்றுதான் பார்ப்பார்கள். அப்போதும் 6/60-க்கு மேல் (மற்றவர்களுக்கு 60 மீட்டரில் தெரிவது 6 மீட்டரில் தெரிவதற்கு மேல்) தெரியக் கூடாது, அல்லது பார்வை விரிவு, அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரிகிற அகலம், 40 டிகிரிக்குள் சுருங்கியிருக்க வேண்டும். ஒரு கண் மட்டும் போய், இன்னொன்று நன்றாக இருக்கிற பிள்ளைக்கு இதில் இடமில்லை. கண் டாக்டரிடம் பார்வை விரிவுச் சோதனையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல பேர் அதை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருகிறார்கள். வகுப்பு மாறவும் செய்யும். சிம்ரனே டோக்கியோவில் டி13-ல் தனியாக ஓடியவர், பாரிசில் டி12.

பார்வை இல்லாத பெண்களின் ஓட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆண் கூடவே ஓடுகிறாரே, அவர் இழுத்துக்கொண்டு போகிற மாதிரிதானே இருக்கிறது?
– கோட்டையூர் வாசகர்

இழுத்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். தள்ளினாலும் அப்படியே. முடிவுக் கோட்டை முதலில் தாண்ட வேண்டியது வீராங்கனை. வழிகாட்டி ஒரு அங்குலம் முந்தினாலும் போச்சு. கயிறு நீளாத துணி, கையோடு கை சேர்த்துப் பிடிக்கிற அளவுதான் நீளம். டி11-ல் எல்லோரும் கண்மறைப்பு போட்டாக வேண்டும், லேசாக வெளிச்சம் தெரிகிறவருக்கும் அதே இருட்டு. அங்கே வழிகாட்டி இல்லாமல் முடியாது. டி12-ல் வழிகாட்டி வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். டி13-ல் கிடையாது.

ஒருவருக்கு இரண்டு தடம் ஒதுக்குவதால் இறுதிப் போட்டியில் நாலே நாலு பெண்கள்தான். டிவியில் பார்த்துவிட்டு "நாலு பேரில் மூன்றாவதா" என்று சிரித்தவர்களை எனக்குத் தெரியும். அந்த நாலுக்குள் வர தகுதிச் சுற்றையும் அரையிறுதியையும் தாண்ட வேண்டும். சிம்ரன் 100 மீட்டரில் அந்த நாலில் நாலாவதாக வந்து வெறுங்கையோடு திரும்பினார், 12.31. பிறகுதான் 200.

வழிகாட்டி வேலை லேசு இல்லை. கையும் காலும் ஒரே தாளத்தில் போக வேண்டும், 200 மீட்டர் என்றால் வளைவு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று மூச்சுவிடும் நேரத்தில் சொல்ல வேண்டும், கோட்டுக்கு முன்னால் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுத் தான் ஒரு அரை அடி பின்வாங்க வேண்டும். 12 நொடிப் பெண்ணுக்கு 12 நொடி ஆள் ஓடினால் முக்கி முக்கி வருவான், பேச மூச்சு இருக்காது. அவளைவிட நல்ல வேகம் உள்ளவன் வேண்டும், அதனால்தான் பெரும்பாலும் ஆண்கள். சிம்ரனோடு பாரிசில் ஓடியவர் அபய் சிங். டுராண்டோடு யுனியோல் கிண்டெலான் என்பவர் வருடக் கணக்காக ஓடினார். டுராண்ட் வாங்கிய பாராலிம்பிக் தங்கம் மொத்தம் 11, பாரிஸோடு ஓய்வு. வழிகாட்டிக்கும் மேடையில் பதக்கம் உண்டு, கொடுக்க வேண்டியதுதான்.

கயிறு விஷயத்தில் விதி எவ்வளவு கறார் என்றால், பாரிஸ் மாராத்தானில் ஸ்பெயினின் எலெனா காங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார், கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போது வழிகாட்டிக்குத் தசைப்பிடிப்பு, தடுமாறினார். அவரைத் தாங்கிப் பிடிக்க இந்தம்மா ஒரு கணம் கயிற்றை விட்டார். நீக்கிவிட்டார்கள், வெண்கலம் ஜப்பான்காரருக்குப் போனது. விதி விதிதான் என்று என் மண்டைக்குத் தெரிகிறது, மனசுக்கு இன்னும் ஒப்பவில்லை.

நம் ஊர்களில் பார்வைக் குறைபாடுள்ள பெண்களுக்கு ஷூ, பணம் எல்லாவற்றையும்விடக் கிடைக்காத பொருள் இந்த ஆள்தான். அழகப்பா உடற்கல்விக் கல்லூரியில் படிக்கிற பையன்களே, பெண்களே, மாவட்ட அளவில் ஓடிவிட்டு இனி மேலே போக முடியாது என்று விட்டுவிட்டவர்களே, உங்கள் கால் இன்னும் ஒருத்திக்கு வேண்டும். பள்ளத்தூரில் ஒரு பேத்தி இருக்கிறாள், மேலே படித்திருப்பீர்கள்.

பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே இடது கால் போய் இரண்டு வருடம் ஆகிறது. வயது 24. செயற்கைக் காலில் நன்றாக நடக்கிறேன். இனிமேல் ஓட ஆரம்பிக்கலாமா? அந்த வளைந்த பிளேடு வாங்கினால்தான் முடியுமா?
– கானாடுகாத்தான் வாசகி

ஆரம்பிக்கலாம் தங்கச்சி. உங்களுக்கு டி64 வரும், செயற்கைக் காலோடு ஓடுகிற, முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களின் வகுப்பு. முழங்காலுக்கு மேலே போனவர்களுக்கு டி63. அந்த டி63-ல் இத்தாலியின் அம்ப்ரா சபாட்டினியைப் பாருங்கள். 2019-ல் ஸ்கூட்டர் விபத்தில் கால் போனது, 2021-ல் டோக்கியோவில் மழையில் 14.11 நொடி, உலக சாதனை, தங்கம். அந்த ஓட்டத்தில் முதல் மூன்றும் இத்தாலிப் பெண்கள். மூன்றாவதாக வந்த மோனிகா கோன்ட்ராஃபட்டோ ஆப்கானிஸ்தானில் ராணுவத்தில் இருந்தபோது கால் இழந்தவர்.

பிளேடு, அதாவது ஓடுவதற்கென்றே செய்த செயற்கைக் கால், விலை லட்சங்களில். இன்றைக்கே கடன் வாங்கி வாங்காதீர்கள். நடக்கிற காலில் வேகமாக ஓடாதீர்கள், அது அதற்காகச் செய்ததில்லை, மீதியிருக்கிற காலில் புண் வரும். முதல் ஆறு மாதம் இடுப்பு, தொடை, நல்ல காலின் பலம். பிளேடில் மோட்டார் எதுவும் இல்லை, நீங்கள் அழுத்திய பலத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும். அழுத்த இடுப்பில் பலமில்லை என்றால் எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது அலங்காரம்தான். பலம் வந்த பிறகு மாவட்டப் போட்டி ஒன்றில் பெயரைக் கொடுத்துவிட்டு, அதைக் காட்டி உதவி கேளுங்கள். சும்மா கேட்பதைவிட அப்படிக் கேட்டால் காது கொடுப்பார்கள்.

மகள் பத்தாவதில் இருக்கிறாள், ஆனால் மூன்றாம் வகுப்புப் பாடம்கூட ஏறவில்லை. மனவளர்ச்சி குறைவு என்று சான்றிதழ் இருக்கிறது. நூறு மீட்டர் பிரமாதமாக ஓடுவாள். பாராலிம்பிக்கில் இடம் உண்டா?
– ஒரு அம்மா, புதுவயல்

உண்டு. ஆனால் நூறில் இல்லை, நானூறில். அறிவுத்திறன் குறைபாட்டுக்கு உள்ள வகுப்பு டி20, பாராலிம்பிக்கில் அதற்கு ஓட்டம் என்றால் 400, 1500 இரண்டுதான். ஆகவே இப்போதிருந்தே அவளை 300, 400-க்குப் பழக்குங்கள். நம் தீப்தி ஜீவாஞ்சி அந்த வழிதான். தெலங்கானாவில் கல்லெடா என்ற கிராமம், கேலி செய்யாத ஆள் இல்லை என்கிற மாதிரிதான் குழந்தைப் பருவம். 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் உலகப் போட்டியில் 400 மீட்டர் 55.07, அப்போது உலக சாதனை. பாரிசில் 55.82, வெண்கலம்.

இந்த வகுப்பில் காகிதம் மற்றதைவிட அதிகம் கேட்பார்கள். அறிவுத்திறன் அளவு 75 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கும் திறனும் குறைவாக இருக்க வேண்டும். இரண்டையும் உளவியலாளர் எழுதித் தர வேண்டும். காரணம் உண்டு: 2000 சிட்னியில் இந்தப் பிரிவில் தங்கம் வாங்கிய ஸ்பெயின் கூடைப்பந்து அணியில் பெரும்பாலான பேருக்குக் குறைபாடே இல்லை என்று தெரிந்து, பிரிவையே தூக்கிவிட்டார்கள். 2012 லண்டனில்தான் திரும்பி வந்தது. யாரோ சில பேர் செய்த திருட்டுக்கு 12 வருடம் உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகள் வெளியே நின்றார்கள்.

தங்கைக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. நன்றாக ஓடுவாள். அவளுக்கு எந்த டி?
– திருப்பத்தூர் வாசகர்

எந்த டியும் இல்லை. காது கேளாதவர்களுக்குப் பாராலிம்பிக்கில் பிரிவு கிடையாது, தனியாக டெஃப்லிம்பிக்ஸ் இருக்கிறது. நல்ல காதில் 55 டெசிபலாவது இழப்பு இருக்க வேண்டும், போட்டியில் கருவியைக் கழற்றிவிட வேண்டும், துப்பாக்கிக்குப் பதில் விளக்கு எரிந்து கிளம்ப வைக்கும். மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கியது ஞாபகம் இருக்கும். தங்கையைப் பாரா சங்கத்துக்கு அழைத்துப் போய் அலையாதீர்கள், காது கேளாதோர் விளையாட்டுச் சங்கத்தைப் பிடியுங்கள்.

சரி டீச்சர், எல்லாம் சொல்கிறீர்கள். முதலில் எந்த ஆபீஸ் படியை ஏறுவது?
– காரைக்குடி செக்காலை வாசகி, இன்னும் சில பேர்

முதலில் தனித்துவ அடையாள அட்டை, யூ.டி.ஐ.டி என்பார்கள். ஆன்லைனில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் காட்டி வாங்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக்காரர்கள் சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் புதுக்கோட்டை. அப்புறம் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகள் பிரிவு எப்போது என்று கேளுங்கள். மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலத்துக்குப் போகலாம். தேசியப் போட்டிக்கு மாநிலப் பாரா சங்கம் வழியாக இந்தியப் பாராலிம்பிக் கமிட்டியில் பதிய வேண்டும். வகுப்பு பிரிக்கிறது பெரும்பாலும் அந்தப் போட்டிகளை ஒட்டித்தான்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அடையாள அட்டையில் 40 சதவீதம், 60 சதவீதம் என்று போட்டிருப்பது வேறு, டி நம்பர் வேறு. 70 சதவீதம் போட்ட அட்டையோடு போய் "உங்களுக்கு வகுப்பு இல்லை" என்று திரும்பியவர்களும் உண்டு.

கூடப் போக ஆளில்லை என்பதுதான் பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் கேட்கிற முதல் காரணம். சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை, ரயிலில் பல வகையினருக்குத் துணையாளோடு சேர்த்தே சலுகை உண்டு. அப்பாவுக்கு வேலை என்றால் அத்தை போகலாம், பக்கத்து வீட்டு அக்கா போகலாம். பாரிசில் நம் மாநிலத்துப் பெண்கள் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூன்று பேர் பாட்மின்டனில் பதக்கம் வாங்கினார்கள். ஓடுதளத்தில் பதக்கம் வாங்கிய தமிழ்நாட்டுப் பெண் இன்னும் ஒருத்திகூட இல்லை. ஓடுகிற பிள்ளை இல்லாமலா? இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே நாலு பேர் இருக்கிறார்களே.

நம் செம்மண் பொட்டலில் பழகுங்கள், தப்பில்லை, சரளைக் கல்லை மட்டும் பொறுக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய போட்டிக்கு முன்னால் ஒரு தடவையாவது மதுரை எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்துச் செயற்கை ஓடுதளத்தில் ஓடிப் பார்த்துவிடுங்கள். மண்ணில் பழகிய காலுக்கு அது வேறு மாதிரித் துள்ளும். போகும்போது மருத்துவக் காகிதங்களில் அசல் ஒன்று, நகல் மூன்று. நகலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து அங்கே நின்று எனக்குப் போன் செய்யாதீர்கள்.